நத்தாரும் வாடைக்காற்றும்: திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒரு திருநாளின் வரலாறு

ஈழத்துத் தமிழ்க் கிறிஸ்தவர் கிறிஸ்து பிறப்புத் திருநாளை 'நத்தார்' என்பர். தமிழகத்துச் செவிகளுக்கு இச்சொல் புதிது. ஈழத்திலோ கிறிஸ்தவரல்லாதாரும் இதனையே வழங்குகின்றனர். கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்னும் போர்த்துக்கேயச் சொல்லே ஈற்று லகரம் ரகரமாகத் திரிந்து நம்மிடையே நிலைத்துவிட்டது. திருவழிபாட்டு நூல்கள் 'கிறிஸ்து பிறப்புப் பெருவிழா' என்று நல்ல தமிழில் எழுதினும், கடைத்தெருவிலும் பாடசாலையிலும் வாழ்த்து மடல்களிலும் நத்தாரே ஆட்சி செய்கின்றது.

இச்சொல்லின் பயணத்தை ஒரு கணம் பின்தொடர்தல் தகும். 1497ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாளளவில் ஆபிரிக்காவின் தென்கிழக்குக் கரையோரமாக வந்துகொண்டிருந்த வாஸ்கோ ட காமா, அந்நாளின் நினைவாக அக்கரைக்கு 'நத்தால்' எனப் பெயரிட்டான். 1860ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர் போய் இறங்கியது அந்த நத்தால் கரையிலேதான். கரும்புத் தோட்டத்தில் உழைத்த அவர்களுக்கு அது ஒரு திருநாளின் பெயர் என்பது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கடல் வழியாக வந்த சொற்கள் மக்களிடம் எந்தப் பொருளோடு போய்ச் சேரும் என்பதை அவற்றைக் கொணர்ந்தோர் தீர்மானிப்பதில்லை.

திருநாட்களின் நிலையும் இதுவே. ஒரு விழா அதனை ஆசரிப்போரின் அன்றாட வாழ்வில் என்ன பொருள் பெறுகின்றது என்று கேட்டால், மறையுரையாளர் இறையியலிலிருந்து விடை கூறுவார். அவ்விடையை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயின் வரலாற்று மாணவன் வேறு சில வினாக்களையும் எழுப்ப வேண்டியவனாகின்றான். அவ்விழா எந்தப் பருவத்தில் வருகின்றது? அப்போது மக்களுக்குத் தொழில் உண்டா? ஆள்பவர் யார்? அயலவர் யார்? திருகோணமலைத் துறைமுகப் பகுதியை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை எழுப்புமிடத்து நத்தாரின் முகம் பெரிதும் மாறித் தோன்றுகின்றது. நிறைவையும் களியாட்டத்தையும் கொண்டாடும் நாளாக அன்றி, ஆண்டின் மிக இடர் நிறைந்த காலத்தில் ஒருவர்க்கொருவர் அடைக்கலமாக நிற்கும் நாளாகவே அது இங்கு பொருள் பெற்றது என்பது எமது கருத்து.

முதலில் காற்றைப் பற்றிக் கூற வேண்டும்.

திருகோணமலையின் ஆண்டு இரு காற்றுகளால் ஆளப்படுவது. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும், தரை காயும், கீழைக் கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஒக்டோபர் பிற்பகுதியில் மாரி தொடங்கியதும் வாடை வரும். மாவட்டத்தின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி இக்காலத்திலேயே பொழிகின்றது. வங்கக் கடலில் தோன்றும் தாழமுக்கங்கள் சூறாவளிகளாக உருப்பெறுவதும் இம்மாதங்களிலேதான். கரைவலை இழுப்போர் வலைகளைச் சுருட்டிவிடுவர். வள்ளங்கள் மணலில் ஏற்றப்பட்டுக் கிடுகால் மூடப்படும். தம்பலகாமக் குடா போன்ற அடைப்பான நீர்நிலைகளில் மட்டும் ஓரளவு தொழில் நடக்கும். வயலை நம்பியோருக்கும் இது வறட்சிக் காலமே, பெரும்போக நெல் வயலில் நிற்கும், வீட்டில் இராது. நத்தார் வருவது இத்தகைய மார்கழியின் நடுவிலாகும்.

இதனை மேற்குக் கரையோடு ஒப்பிட்டால் உண்மை தெளிவாகும். நீர்கொழும்பு, சிலாபம் பகுதி மீனவரிற் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வாடைக்காலத்தில் அவர்களது கடல் அமைதியாக இருப்பதால் மீன்பிடி வளமாக நடைபெறும்; அவர்களது நத்தார் கையில் காசு புழங்கும் காலத்து விழா. தென்மேற்குக் காற்று எழுந்து தம் கடல் கொந்தளிக்கும்போது அவர்களில் ஒரு பகுதியினர் கிழக்குக் கரைக்கு இடம்பெயர்ந்து திருகோணமலைப் பக்கத்தில் வாடி அமைத்துத் தொழில் செய்து, மாரிக்கு முன் திரும்பிவிடுவது நெடுங்கால வழக்கம். ஒரே திருச்சபை, ஒரே நாள், ஒரே திருவாசகம். எனினும் நீர்கொழும்பில் அது மிகுதியின் விழாவாகவும் திருகோணமலையில் முடையின் விழாவாகவும் அமைந்தது. ஐரோப்பியக் குளிர்காலத்தை அடியொற்றி உரோமையில் நிலைபெற்ற நாள் இது. டிசம்பர் 25 பற்றிய மிகப் பழைய சான்று கி.பி. 336ஆம் ஆண்டுக்குரியது. அந்நாளைக் கொண்டுவந்து கீழைக் கரையில் நட்டபோது பனிக்குப் பதிலாக வாடை வாய்த்தது. இன்றும் சவுக்கு மரக் கிளையை வெட்டி வந்து அதன்மேல் பனியென்று பஞ்சைத் தூவும் வீடுகளைக் காணலாம். வாசலில் மழை கொட்டிக்கொண்டிருக்கும்!

காற்றே இத்துறைமுகத்தின் அரசியலையும் ஆக்கியது. சோழமண்டலக் கரையில் வாடைக்காலத்துக்கு ஏற்ற பாதுகாப்பான துறைமுகம் பாய்மரக் கப்பற் காலத்தில் இருக்கவில்லை. மாரி தொடங்கியதும் போர்க்கப்பல்கள் அக்கரையை விட்டு விலக வேண்டியிருந்தது. மலைகள் சூழ்ந்த ஆழமான திருகோணமலை உட்துறைமுகமே கிழக்கில் கிடைத்த அரும் புகலிடமாகும். 1659 நவம்பர் 19இல் மசூலிப்பட்டினத்தில் வீசிய புயலில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் தன் பெரும் பாய்மரத்தை வெட்டி வீழ்த்த நேர்ந்தது. அதனைச் செப்பனிடவே அது கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. அவ்வாறு வந்ததனாலேயே ரொபர்ட் நொக்ஸ் கண்டியரசனின் கைதியானான். 1681இல் அவன் வெளியிட்ட நூலை இலங்கை வரலாற்று மாணவர் அனைவரும் அறிவர். அந்நூல் ஒரு வாடைப் புயலின் விளைவு என்பதைப் பலர் நினைப்பதில்லை. 1782இல் மட்டும் இத்துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும் அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் கைமாறியது. திருகோணமலையை இழந்த ஆங்கிலக் கடற்படைத் தலைவர் ஹியூஸ் அவ்வாண்டு மாரியில் பம்பாய் வரை செல்ல வேண்டியவரானார்.

புகலிடம் என்று கூறினோம். யாருக்குப் புகலிடம் என்ற வினாவை ஒதுக்கிவிட்டு நத்தாரின் வரலாற்றை எழுதுவது நேர்மையாகாது. போர்த்துக்கேயர் 1620களின் முற்பகுதியில், தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில், கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே சுவாமிமலையடியில் கோட்டை கட்டினர். பாண்டியரின் இரட்டைக் கயற் சின்னம் பொறித்த கல் அக்கோட்டை வாயிலில் இன்றும் உள்ளது. சித்திரைப் புத்தாண்டு நாளில் உற்சவ மூர்த்தி நகருக்கு எழுந்தருளியிருந்தபோது, அந்தணர் வேடம் பூண்டு போர்த்துக்கேயப் படையினர் உட்புகுந்தனர் என்று மரபு கூறும். ஒரு சாராரின் திருநாளே அவர்களது பேரிழப்பின் நாளாயிற்று என்பது அம்மரபின் சாரம். அதே படையினர் அதே கோட்டையில் தமது நத்தாரைக் கொண்டாடியிருப்பர் என்பதில் ஐயமில்லை. நத்தார் என்ற சொல் நம் கரைக்கு இவ்வாறான கப்பல்களிலேயே வந்தது. ஈழத்துக் கிறிஸ்தவ வரலாற்றை எழுதுவோரில் சிலர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர். அது அவர்களது சமயத்துக்கும் நன்மை செய்வதன்று.

போர்த்துக்கேயரின் அதிகாரம் இங்கு நீடிக்கவில்லை. 1639இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றினர். அதிகாரம் அகன்றபின் எஞ்சியவை ஒரு சொல், சில குடும்பங்கள், ஒரு மொழியின் சுவடுகள். மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும், சிறப்பாகப் பாலையூற்றுப் பகுதியிலும், போர்த்துக்கேயப் பறங்கியர் இன்றும் வாழ்கின்றனர். தச்சு வேலையும் கொல்லு வேலையும் தையலும் அவர்களது மரபுத் தொழில்கள். முதியோர் சிலரிடையே இலங்கைப் போர்த்துக்கேய மொழி இன்னும் வழங்குகின்றது. அம்மொழியைப் பற்றிக் கோவாவில் பிறந்த செபஸ்தியான் ரொடொல்பு தல்காது 1900ஆம் ஆண்டிலேயே விரிவான நூல் ஒன்றை வெளியிட்டார். ஆண்ட இனத்தின் பெயரைத் தாங்கிய இவர்கள் உழைத்து உண்ணும் எளிய மக்கள். நத்தார் அவர்களுக்கு ஆட்சியின் நினைவன்று. இசையும் ஆட்டமும் உறவினர் கூட்டமுமாகத் தாம் யார் என்பதைத் தமக்கே சொல்லிக்கொள்ளும் நாள்.

ஒல்லாந்தர் காலத்தில் நத்தாரின் பொருள் தலைகீழாக மாறியது. 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததும் கத்தோலிக்கக் குருமார் நாட்டில் இருப்பதும் அவர்களுக்கு இடமளிப்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாக்கப்பட்டன. ஒல்லாந்தரும் கிறிஸ்தவரே, கிறிஸ்து பிறப்பை அவர்களது சீர்திருத்தத் திருச்சபையும் மறையுரையோடு நினைவுகூர்ந்தது. தடை விழாவுக்கன்று, பூசைக்கே. பாடசாலைத் தோம்பில் பெயர் பதியப்படாமலும் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெறாமலும் உத்தியோகமும் சொத்துரிமையும் பெறுதல் அரிது. ஆகவே பகலில் ஒரு சபையும் இரவில் ஒரு சபையுமாக வாழும் இரட்டை வாழ்வு கரையோரமெங்கும் பரவியது. இதனை வேடதாரித்தனம் என்று இன்று சொல்லிவிடலாம். தோம்பில் பெயர் இல்லாதவனின் பிள்ளைக்குக் காணி சேராத காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அவ்வாறு சொல்லும் வசதி இருக்கவில்லை.

1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து இறங்கிய யோசவ் வாஸ் அடிகளின் பணி இச்சூழலிலேதான் தொடங்குகின்றது. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்ததை இங்கு குறிப்பிடுதல் அவசியம். இரகசியமாகப் பூசைக்குக் கூடியிருந்த மக்களை ஒல்லாந்தப் படையினர் சுற்றிவளைத்துக் கைதுசெய்தனர். சிலர் கடுந்தண்டனைக்குள்ளாயினர். வாஸ் அடிகள் அவர்கள் கையில் அகப்படவில்லை. சிறிது காலத்தில் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியத்தை அடைந்தார். அங்கு முதலில் சிறையும் பின்னர் இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவும் கிடைத்தன. பௌத்த மன்னன் ஒருவனின் நிழலில் இருந்துகொண்டு, கிறிஸ்தவ ஆட்சியாளரால் தேடப்பட்ட கிறிஸ்தவக் குருமார் நாடெங்கும் உள்ள மக்களிடம் சென்றுவந்தனர். இந்த முரணை நமது பாடநூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை.

குருவானவர் ஆண்டில் ஒரு முறையேனும் வருவது உறுதியில்லாத காலத்தில் சமயத்தைக் காத்தவர்கள் ஊரவர்களே. வாஸ் அடிகள் ஒவ்வோர் ஊரிலும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார். மூப்பர் கோயிற் காரியங்களைப் பார்ப்பார்; அண்ணாவியார் செபம் சொல்லிக் கொடுப்பார், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், இறப்போர் அருகில் நிற்பார். பூசை இல்லாத நத்தார்கள் அக்காலத்தில் பல. எனினும் நாள் தவறவில்லை. எந்த நாள் நத்தார் என்பதை நினைவில் வைத்திருப்பதும், அன்றிரவு ஒருவரது வீட்டின் உள்ளறையில் விளக்கைத் தணித்துக் கூடுவதும், வெளியே காவல் நிற்பதும் ஊரவர் பொறுப்பாயின. கதவைத் திறந்துவிடும் வீட்டாருக்கு ஆபத்து உண்டு. அதைத் தெரிந்தே அவர்கள் திறந்தனர். சத்திரத்தில் இடமில்லாமற் போன கதையை அவ்வுள்ளறையில் கேட்டவர்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிராது.

1795 ஓகஸ்டில் பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தனர். 1806இல் கத்தோலிக்கர்மீதிருந்த தடைகள் சட்டப்படி நீக்கப்பட்டன. 1852இல் புனித மரியாள் பேராலயம் எழுந்தது. 1867இல் புனித சூசையப்பர் கல்லூரி தோன்றியது. யாழ்ப்பாண மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1893இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாயிற்று. யேசு சபையார் வந்து அதன் பொறுப்பை ஏற்றனர். இவற்றை விரித்துரைப்பது வேறொரு கட்டுரைக்குரியது. எமக்கு வேண்டியது ஒன்றே: உள்ளறையில் தணிந்து எரிந்த விளக்கு தெருவுக்கு வந்தது, நள்ளிரவில் மணி ஒலித்தது. கடற்படைத் தளமும் அதன் தொழிற்சாலைகளும் வளர்ந்தபோது மாதச் சம்பளம் என்ற புதிய ஒன்றும் நகருக்கு வந்தது. கடலின் பருவத்தைச் சாராது நத்தாருக்குப் புத்தாடை வாங்கக்கூடிய ஒரு பிரிவினர் உருவாயினர். 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துச் சென்றபோது அச்சம்பளங்களை நம்பியிருந்தோர் பலர் இடருற்றனர்.

கரைவலையை நம்பியிருந்தவன் நிலை வேறு. அவனுக்கு நத்தார் கடனில்தான் பிறந்தது. வலையும் வள்ளமும் உடைய சம்மாட்டியிடம் முற்பணம் பெறுவான். பெற்ற பணம் பிள்ளைகளின் உடுப்பாகவும் அரிசிமாவாகவும் சீனியாகவும் மாறும். வாடை தணிந்து தொழில் தொடங்கியதும் அவனது பங்கிலிருந்து அது கழிக்கப்படும். அதாவது ஒரு நாள் விழாவுக்காக வரும் பருவத்து உழைப்பின் ஒரு பகுதி முன்னரே விற்கப்பட்டுவிடும். முற்பணம் வாங்கியவன் அடுத்த பருவத்தில் வேறு சம்மாட்டியிடம் போகவும் முடியாது. சமூகவியல் நோக்கில் பார்ப்போர் இதனைச் சுரண்டல் என்பர், அது உண்மையே. சீர்திருத்த நோக்கினர் வீண்செலவு என்பர். அங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியுள்ளது.

அச்செலவு எங்கே போயிற்று என்று பார்ப்போம். பயற்றம் பணியாரமும் அரியதரமும் கொக்கிசும், வசதியுள்ள வீடுகளில் ரவையும் முந்திரிகை வற்றலும் சேர்த்துச் செய்த கேக்கும் தட்டுகளில் அடுக்கப்பட்டு, துணியால் மூடப்பட்டு, முதலில் வெளியேதான் போகும். சைவ வீட்டுக்கு ஒரு தட்டு, முஸ்லிம் வீட்டுக்கு ஒரு தட்டு. தட்டு வெறுமையாகத் திரும்பாது. சிறிது சீனியாவது வெற்றிலையாவது வைத்தே திருப்பி அனுப்புவர். அவ்வீடுகளிலிருந்து தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பெருநாளுக்கும் இவர்களுக்குத் தட்டு வரும். இக்கொடுக்கல் வாங்கலில் பங்குகொள்ள முடியாதவன் ஏழை என்பதைவிட அயலவன் என்ற தகுதியையே இழந்தவனாகின்றான். மாரியில் கூரை பிய்ந்தால் கிடுகு தருபவனும், இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆசுபத்திரிக்குக் கூட வருபவனும் அந்த அயலவனே. ஆகவே முற்பணத்தில் செய்த பணியாரம் ஒருவகையில் அவனது காப்புறுதியாகவும் இருந்தது. அதற்கு அவன் கொடுத்த விலை கூடுதல் என்பதையும் மறுப்பதற்கில்லை.

காலமும் இவ்வயலுறவுக்கு உதவியது. நத்தார் மார்கழி 10ஆம் நாளையொட்டி வருவது. சைவர்க்கு அது திருவெம்பாவைக் காலத்தோடு அணுகி அமையும். சில ஆண்டுகளில் நள்ளிரவுப் பூசை முடிந்து ஈரத் தெருவில் வீடு திரும்பிய சில மணிநேரத்திலேயே கோயிற் சங்கொலி கேட்கும். ஓர் ஊரின் இரு சாரார் ஒரே குளிரில் விழித்திருப்பது சிறிய செய்தியன்று.

கோயிலிலும் வீட்டிலும் அமைக்கப்படும் பாலன் கூடு பற்றியும் ஒரு வார்த்தை. வைக்கோல், கிடுகு, காட்டுத் தடி, கடற்கரை மணல்: கையிற் கிடைத்தவற்றால் ஆனது அது. பெத்லகேமின் தொழுவத்தை எவரும் கண்டதில்லை. ஆதலால் தாம் கண்டதையே கட்டினர். கரையோர ஊர்களில் அமைக்கும் கூட்டைக் கூர்ந்து நோக்கினால் அது மீனவர் பருவகாலத்தில் தங்கும் வாடியின் அச்சாக இருக்கும். பிள்ளை பிறந்தது தங்குமிடமில்லாதோரின் தற்காலிகக் குடிசையில் என்பதை எழுத்தறியாத ஒரு கை இதைவிட நன்றாக எவ்வாறு எழுத முடியும்?

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாடை தன் உரிமையைக் கடுமையாக நிலைநாட்டியது. 1964 டிசம்பர் 22இல் வடகிழக்கு இலங்கையைத் தாக்கிய சூறாவளி திருகோணமலையைச் சிதைத்துவிட்டு, அன்றிரவே பாக்குநீரிணையைக் கடந்து தனுஷ்கோடியை அழித்தது. நத்தாருக்கு இரு நாட்களே இருந்தன. ஆள்வோரின் நாட்காட்டியும் இடையில் மாறியது: 1966 முதல் 1971 வரை ஞாயிறு வார விடுமுறையாக இல்லாது போய்ப் போயா நாட்கள் அவ்விடத்தைப் பெற்றன. ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போக வேண்டியிருந்த அவ்வாண்டுகளில், குடும்பத்தோர் அனைவரும் ஒருங்கே கோயிலுக்குச் செல்ல முடிந்த நாட்கள் சுருங்கின. நத்தார் விடுமுறையின் மதிப்பு அதனால் உயர்ந்தது. அதே காலப்பகுதியில் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பயனாகப் பூசை இலத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பூசை 'காண' வந்தவர்கள் விடை சொல்லத் தொடங்கினர்.

போர்க்காலத்தில் ஊரடங்கு காரணமாக நள்ளிரவுப் பூசை மாலைப் பொழுதுக்கு முன்தள்ளப்பட்ட ஆண்டுகள் உண்டு. இவற்றை அனுபவித்தோர் இன்றும் நம்மிடையே உளர்; ஆகவே நீட்டாமல், 2000 முதல் 2005 வரையிலான ஆறு நத்தார்களை மட்டும் நோக்குவோம். ஒரு துறைமுக மாவட்டத்தின் ஒரு திருநாளைச் சுற்றி இவ்வளவு நிகழ்ந்தது அரிது.

2000 டிசம்பர் 26இல், 1978க்குப் பின் இலங்கையைத் தாக்கிய வலிய சூறாவளி திருகோணமலையை அண்டிக் கரைகடந்தது. நத்தாருக்கு மறுநாள். போரினால் ஏற்கெனவே ஓலைக்கூரையின்கீழ் வாழ்ந்தோரே அதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு, 2001 டிசம்பர் 24 நள்ளிரவு முதல் விடுதலைப் புலிகள் ஒரு மாதப் போர்நிறுத்தத்தைத் தாமாக அறிவித்தனர். அரசும் அதற்கு இசைந்தது. 2002 பெப்ரவரியில் அது ஒப்பந்தமாயிற்று. அரசியற் கணக்குகள் இருபுறமும் இருந்தன என்பது வெளிப்படை. எனினும் துப்பாக்கிகள் ஓயும் நேரமாகக் குறிக்கப்பட்டது பாலன் பிறப்பின் நள்ளிரவே. 2002, 2003 ஆகிய இரு நத்தார்களும் போர் ஒலியின்றிக் கழிந்தன.

2004இல் நத்தார் சனிக்கிழமையன்று வந்தது. மறுநாள் ஞாயிறு, மார்கழிப் பூரணை, கத்தோலிக்கத் திருவழிபாட்டு ஆண்டில் திருக்குடும்பத் திருவிழா. சுமாத்திராக் கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை காலை 9 மணியை ஒட்டிக் கீழைக் கரையைத் தாக்கியது. அன்று வாடையும் இல்லை, புயலும் இல்லை, வானம் தெளிந்திருந்தது. காற்றை வாசிக்கத் தெரிந்த மக்களுக்குக் காற்று எதுவும் சொல்லவில்லை. திருகோணமலை மாவட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். நாடு முழுவதும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்கள் பெரும் அழிவைக் கண்டன. கிண்ணியா மருத்துவமனையே அலைக்குள்ளாயிற்று. இறந்தோரில் பெருந்தொகையினர் முஸ்லிம்கள். நத்தார்த் தட்டு சென்ற வீடுகளும் அவற்றுள் இருந்திருக்கும். அலை தோம்பு பார்க்கவில்லை. கோயில்களும் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் அன்று மாலைக்குள் அகதி முகாம்களாயின. திருநாளுக்கு வாங்கிய புத்தாடைகளோடு பிள்ளைகள் அங்கே படுத்திருந்தனர். முதல் நாள் இரவு மறையுரையில் கேட்ட 'இடமில்லை' என்ற சொல் மறுநாள் ஒரு மண்டபத்தின் வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்ற வினாவாக மாறியது. அந்நாட்களில் அவ்வாசல்களில் எவரும் சமயம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டதாகப் பொதுவில் எவரும் சொல்லக் கேட்டிலேன். நத்தார் அன்றாட வாழ்வில் என்ன பொருள்படும் என்பதற்கு இதனினும் நேரான விடை வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த ஆண்டு வேறொன்று நிகழ்ந்தது. 2005 டிசம்பர் 25, மட்டக்களப்புப் புனித மரியாள் இணைப் பேராலயம். அன்று அது திருகோணமலை–மட்டக்களப்பு மறைமாவட்டத்துக்குரியது. மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இல். ஆயர் கிங்ஸ்லி சுவாம்பிள்ளை நள்ளிரவுப் பூசையை நிறைவேற்றிக்கொண்டிருந்தார். நற்கருணை பெற்றுத் திரும்பிய பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கம் ஆலயத்தினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது துணைவியாரும் காயமுற்றார். குற்றஞ்சாட்டப்பட்டிருந்தோர் 2021 சனவரியில் விடுவிக்கப்பட்டனர். இதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1689இல் யாழ்ப்பாணத்து நத்தார் இரவில் உள்ளே நுழைந்தோர் அந்நிய ஆட்சியின் படையினர். 2005இல் நுழைந்தோருக்கு இவ்வூரின் கோயிற்கதவு எந்நேரம் திறந்திருக்கும் என்பது நன்கு தெரிந்திருந்தது. 2019 உயிர்ப்பு ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் ஆலயம் உட்பட மூன்று ஆலயங்களில் குண்டுகள் வெடித்தன; அதன் பின்னர் நத்தார் இரவுகளில் ஆலய வாசலில் காவலர் நிற்பதும் பைகள் சோதிக்கப்படுவதும் வழக்கமாயின. திறந்த கதவைப் பற்றிய திருநாள் ஒன்று சோதனைச் சாவடியைக் கடந்து கொண்டாடப்படுகின்றது. இதனைத் தவிர்க்க முடியாத காவல் என்று ஏற்போருடன் எமக்கு வழக்கில்லை. ஆயின் இழந்தது எதுவென்பது பதிவாக வேண்டும்.

ஆழிப்பேரலையின் பின்னர் டிசம்பர் 26 தேசிய பாதுகாப்புத் தினமாக அறிவிக்கப்பட்டது. அன்று காலை 9.25 முதல் 9.27 வரை நாடெங்கும் மௌனம் காக்கப்படுகின்றது. திருகோணமலையில் அந்நேரம் பெரும்பாலும் தூறல் இருக்கும். வள்ளங்கள் கரையில் மூடிக் கிடக்கும். முந்திய நாள் அனுப்பிய தட்டுகள் இன்னும் எல்லாம் திரும்பி வந்திருக்கமாட்டா. பாலன் கூட்டை எவரும் கலைப்பதில்லை. மூவரசர் திருநாளான சனவரி 6 வரை அது வாசலில் இருக்கும்.